முதுகில் முப்பத்தேழு

ஹால் காவல் என்பது, மற்றவர்கள் சந்தோஷமாக இருக்கும்போது அவர்களுடைய செருப்பு வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் வேலை. கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஹால், சங்கக் கட்டடம் என்று எங்கேயாவது சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் மரத்தளம் போட்ட ஒரு ஹாலில் பத்தொன்பது வருஷமாக இந்தச் சோலியைத்தான் பார்க்கிறேன்.

சீசன் கூட்டம் வடிந்த பிறகு ஒரு சனி, ஞாயிறு எங்கள் ஹாலில் ஸ்விங் நடனப் போட்டி நடந்தது. ஸ்விங் என்பது ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் அமெரிக்க நடனம். ஆண் இழுப்பார், பெண் சுற்றுவார். சில சமயம் பெண் இழுப்பார், ஆண் தடுமாறுவார். அந்தப் போட்டியில் நானும் ஆடினேன். வயது அறுபத்து நான்கு, படிப்பு எட்டாம் வகுப்பு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம், பிறகு நேரம் இருக்காது.

நின்ற கணக்கு

எனக்கு எப்படி இந்த ஆட்டம் வந்தது என்று கேட்பீர்கள். ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் சனிக்கிழமை காலையில் எங்கள் ஹாலில் ஸ்விங் வகுப்பு நடத்துகிறார். பெண்கள் ஒன்பது பேர் வருவார்கள், ஆண்கள் நாலு பேர் வருவதாகச் சொல்வார்கள். ஆள் குறையும்போதெல்லாம் டீச்சர் என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி மூலையில் சாத்திவிட்டு என்னை நிறுத்திவிடுவார். அப்படி எண்பத்து மூன்று வகுப்பு நின்றிருக்கிறேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு வகை அடி ஆறு எண்ணிக்கையில் முடியும். ஆனால் பாட்டு எட்டு எட்டாகப் போகும். ஆறு முடிந்ததும் பாட்டில் இன்னும் இரண்டு இருக்கிறதே, அது முடியட்டும் என்று நான் மரியாதையாக நின்றுகொள்வேன். பாட்டு தன் எட்டை முடித்துவிட்டு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். டீச்சர் மூன்று வாரம் பொறுத்துக்கொண்டார். நாலாவது வாரம் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். "கணேசண்ணே, பாட்டு என்ன கூக்கால் ஊருக்குப் போற பஸ்ஸா, உங்களுக்காக நின்னு ஏத்திக்கிட்டுப் போறதுக்கு?"

அவமானமாக இருந்தது. வீட்டில் பூண்டுப் பற்களை ஆறு ஆறாக ஒரு வரிசை, எட்டு எட்டாக ஒரு வரிசை அடுக்கிப் பார்த்தேன். நாலு ஆறும் மூன்று எட்டும் இருபத்து நாலில் ஒன்றாக வந்து நின்றன. அப்படியானால் இடையில் நிற்கவே வேண்டாம், இருபத்து நாலில் இரண்டும் தானாகச் சந்திக்கும். இத்தனை பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு நிமிர்ந்தால் என் மனைவி கையில் சின்ன இடியுரலோடு நிற்கிறாள். "எண்ணி முடிச்சுட்டீங்கன்னா வெரசா குடுங்க, ரசத்துக்குத் தட்டணும்."

தரை

போட்டிக்கு வந்தவர்கள் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர்க்காரர்கள். ஒவ்வொருவரிடமும் ஆடுவதற்கென்று தனிச் செருப்பு இருந்தது, அந்தச் செருப்புக்கென்று தனிப் பை இருந்தது. வந்தவுடன் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு தரையைத் தடவிப் பார்த்தார்கள். நல்ல தோல் அடி வைத்த செருப்புக்காரர்கள் தரை வழுக்கவில்லை என்று முகப்பவுடரைக் கொட்டினார்கள். ரப்பர் அடிக்காரர்கள் தரை வழுக்குகிறது என்று என்னைக் கூப்பிட்டு ஈரத்துணி போடச் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் மட்டும் ஏழு முறை பவுடர் கொட்டினார்கள், ஏழு முறை நான் துடைத்தேன்.

எட்டாவது முறை பவுடர் டப்பாவோடு வந்தவரிடம், இரண்டு கட்சியும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றேன். அவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பதினைந்து நிமிஷம். பேசிவிட்டு அவர்களில் மூத்தவராகத் தெரிந்த ஒருவர் வந்து சொன்னார். "அங்கிள், இந்தப் பாதி வழுக்கணும், அந்தப் பாதி வழுக்கக் கூடாது. பண்ணிடலாம்ல?"

வாந்தியால் வந்த வாய்ப்பு

ஆண்கள் இருபத்து நாலு, பெண்கள் இருபத்து நாலு என்று பெயர் கொடுத்திருந்தார்கள். பெயர் கொடுத்த ஆண்களில் ஒருவர் வத்தலகுண்டு மலைப்பாதையில் எட்டாவது வளைவிலேயே வாந்தி எடுத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு ஆண் குறைந்தால் ஒரு பெண் வெளியே நிற்க வேண்டும். ஸ்டெல்லா டீச்சர் நேராக என்னைக் காட்டினார்.

எனக்கு ஆசை இருந்தது. ஆடவேண்டும், இரண்டு நாளும் உள்ளே ஆடவேண்டும் என்ற ஆசை. அதை டீச்சரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. பேச வேண்டிய நேரத்தில் எனக்கு வாய் வராது. அதனால் தலையை மட்டும் ஆட்டினேன். எங்கள் ஹால் செயலாளர் தனபால் என்னை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்தார். முதல் சுற்று சனிக்கிழமை, இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. யோசித்து அவர் ஒரு தீர்மானம் போட்டார். "இன்னிக்கு ஆடிக்க. தேறிட்டா நாளைக்கும் உள்ள நில்லு, உன்னைய ஒண்ணும் சொல்லல. தேறலேன்னு வையி, நாளைக்கு வெள்ளனே பார்க்கிங் டோக்கன் புத்தகத்தோட கேட்ல நிக்கணும், ஆமா."

சீட்டு

இந்தப் போட்டியில் ஜோடியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆண்கள் பெயர் ஒரு பானையில், பெண்கள் பெயர் ஒரு பானையில். சீட்டு எடுத்து யாரோடு யார் வருகிறதோ அவரோடு ஆட வேண்டும். முதல் சுற்றில் மார்க் ஆளுக்குத் தனித்தனி. ஜோடியில் ஒருவர் தேறலாம், மற்றவர் வீட்டுக்குப் போகலாம். பல குடும்பங்களிலும் இதுதான் நடக்கிறது என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

என் சட்டையின் முதுகில் முப்பத்தேழு என்று எண் குத்தினார்கள். அதுவரை என்னிடம் "கழிப்பறை எங்கே" என்று மட்டும் கேட்ட பதினாறு பேர், எண்ணைப் பார்த்ததும் கை கொடுத்தார்கள். எனக்குச் சீட்டில் வந்தவர் நந்திதா என்ற பெங்களூர்ப் பெண். முப்பது வயதிருக்கும், கணினி வேலை, ஐந்து வருஷமாக ஆடுகிறவர். தொடக்க விழாவில் மைக்கைப் பிடித்து, ஜெயிப்பது முக்கியமில்லை, யாரோடு வேண்டுமானாலும் ஆடுகிற சந்தோஷம்தான் முக்கியம் என்று பேசியவரும் அவர்தான். என்னைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். நடுவரிடம் போய் மறுபடி சீட்டு எடுக்கலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தப்பா நினைக்காதீங்க அங்கிள். உங்க முழங்காலை நினைச்சுத்தான் கேட்டேன்."

பாட்டில்லாத நேரம்

மதியம் மூன்று மணிக்கு எங்கள் முறை. ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஜோடி. வெளியே மழையும் மூட்டமும், உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் எதிர்ச் சுவரில் இருந்த ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தேன். மற்ற ஆண்கள் காலை வீசினார்கள், துள்ளினார்கள், ஒருவர் தரையில் சறுக்கி வழுக்கும் பாதியிலிருந்து வழுக்காத பாதிக்குப் போய் முகம் குப்புற விழுந்தார். எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. ஆறு, எட்டு, இருபத்து நாலு, அவ்வளவுதான் தெரியும்.

ஒரு நிமிஷம் போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. ஒலிபெருக்கி அணைந்தது. பதினொரு ஜோடியும் நின்றுவிட்டார்கள். நான் எண்ணிக்கையில் இருந்தேன், எனக்கு அது உறைக்கவில்லை. நந்திதா கையை உருவப் பார்த்தார், முடியவில்லை, சரி என்று அவரும் ஆடினார். ஜெனரேட்டர் போடுவது என் வேலை. தனபால் என் பெயரைச் சொல்லிக் கத்தினாராம், அதுவும் கேட்கவில்லை. பதினெட்டு எட்டு முடிந்து பத்தொன்பதாவது எட்டில் ஒன்று எடுத்து வைத்தேன், கரண்ட் வந்தது. பாட்டு ஓடியது பேட்டரியில் இருக்கும் கம்ப்யூட்டரில். ஒலிபெருக்கி மட்டும்தான் அணைந்திருந்தது, உள்ளே பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒலி திரும்ப வந்தபோது அதுவும் ஒன்றில் இருந்தது, நாங்களும் ஒன்றில் இருந்தோம். ஹாலே கை தட்டியது. நந்திதா மூச்சு வாங்கிக்கொண்டு என் காதருகில் கேட்டார். "அங்கிள், உங்களுக்குள்ள என்ன, கடிகாரமா ஓடுது?"

தீர்ப்பு

மாலை ஐந்து மணிக்குச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ஜெயிப்பது முக்கியமில்லை என்று காலையில் மைக்கில் பேசியவர்கள் மொத்தம் பதினொரு பேர். பட்டியலுக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு முதல் வரிசையில் நின்றவர்களை எண்ணினேன், அதே பதினொரு பேர். கூட்டம் கலைந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். பெண்கள் பட்டியலில் நந்திதா இருந்தார். ஆண்கள் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறையும், கீழிருந்து மேலாக ஒரு முறையும் படித்தேன். முப்பத்தேழு இல்லை.

நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கில்லை. ஸ்டெல்லா டீச்சர்தான் சண்டைக்குப் போனார். நான் நாற்காலிகளை அடுக்குவதுபோல் பக்கத்தில் நின்று காது கொடுத்தேன். தலைமை நடுவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். பாட்டு நின்றபோதும் தாளம் தவறாமல் பின்தொடர்ந்ததற்காக அந்தப் பெண்ணுக்கு முழு மார்க். அப்படியானால் அவள் பின்தொடர்ந்து வந்த ஆளுக்கு என்று டீச்சர் கேட்டார். நடுவருடைய பதிலை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. "பாட்டு நின்னதே தெரியாம ஒருத்தர் ஆடுறார்னா, அவர் பாட்டைக் கேட்டே ஆடலைன்னுதானே அர்த்தம்?"

ஞாயிற்றுக்கிழமை, கேட்டில்

ஞாயிறு ஆறரை மணிக்கு டோக்கன் புத்தகத்தோடு கேட்டில் நின்றேன். டோக்கன் என்பது நடுவில் கோடுபோல வரிசையாகத் துளை போட்ட தாள். கிழித்துப் பாதியை வண்டிக்காரரிடம் கொடுத்து, மறு பாதியை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். மதியம் வரைக்கும் ஐம்பத்தொரு வண்டி. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கால் தானாக அசைந்தது. அதை நிறுத்துவதற்காகக் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன். நந்திதாவுக்கு இறுதிச் சுற்றுச் சீட்டில் விக்ரம் வந்திருந்தார். சென்னைக்காரர், இரண்டு முறை எங்கேயோ முதல் பரிசு வாங்கியவர். அவர்கள் இரண்டாம் இடத்தில் வந்தார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது இறுதிச் சுற்றுக்குப் பத்து நிமிஷம் முன்னால் நடந்தது.

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே கேட்டுக்கு வந்தார்கள். ஒத்திகையில் விக்ரம் வீசுகிற வீச்சில் அடி எங்கேயோ போகிறது, பாட்டு எங்கேயோ போகிறது. யார் தப்பு என்று தீரவில்லை. "ரெண்டு கப்பு வாங்கியிருக்கேன் நந்து, எனக்கா எண்ணத் தெரியாது?" என்றார் அவர். "தெரியாது. அதான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "அங்கிள், நேத்து மாதிரி ஒரு நிமிஷம் ஆடுங்க. இவர் பார்க்கட்டும்."

டோக்கன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட முடியாது. விக்ரமிடம் கொடுத்தேன். நந்திதா கைபேசியில் பாட்டைப் போட்டார். சரளைக் கல்லில், மழை ஈரத்தில், என் வேலைச் செருப்போடு ஆடினோம். இந்த முறை சுவரும் இல்லை, ஆணியும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே எண்ணினேன். தவறவில்லை. விக்ரம் வாயைத் திறந்துகொண்டு எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. அவர் தாளை முழுசாகப் பிய்த்து, இரண்டு பாதியையும் சேர்த்து ஜன்னல் வழியாக உள்ளே நீட்டிவிட்டு மறுபடி எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜீப்பில் இருந்தவர் எங்கள் செயலாளர் தனபால். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பிறகு தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "ஏலே கணேசா! டோக்கனைக் கிழிச்சுக் குடுக்கக்கூடத் தெரியாத ஆளையெல்லாம் எவன்டா கேட்ல நிப்பாட்டுனது?"

இரண்டு நாளில் நான் ஆடியது மரத்தளத்தில் மூன்று நிமிஷம், சரளைக் கல்லில் ஒரு நிமிஷம். கல்லில் ஆடியதற்கு நடுவர் யாரும் இல்லாததால், அதில் மட்டும் நான் தேறிவிட்டதாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.