மேலே ஏறிய கோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாதம் ஒருமுறை பிள்ளைக்காம்பராவில் கிளினிக் நடக்கும். நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. கிளினிக் அன்று விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டு, மிட்வைஃப் மிஸ் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்து, அதன் புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். கோடு பச்சை நிறப் பகுதிக்குள் இருந்தால் தாய் வீட்டுக்குப் போகலாம். கீழே இறங்கினால் சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார வேண்டும். கடைசியில் மிஸ் வந்து, என்ன சமைக்கிறாய், முட்டை கொடுத்தாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். போகும்போது பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமாவும் தருவார். அது அந்த வாங்குக்காரிகளுக்கு மட்டும்தான்.

நான் பத்தாம் வகுப்பு தாண்டி ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். எங்கள் லயத்து வீடுகளில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட நான், மகனுக்கு இரண்டு வயது முடிந்த மழைக்காலத்தில், இரண்டு மாதம் தொடர்ந்து அந்த வாங்கில் உட்கார்ந்தேன். படிச்சவ வீட்டுப் புள்ளயும் இங்கதானா என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் என்ன இருந்தது? காலையில் ரொட்டியும் பாலில்லாத பிளேன்டியும், பகலில் சோறும் பருப்புத் தண்ணியும், இரவில் மறுபடி ரொட்டி. பால்மா விலை ஏறியதிலிருந்து அதை வாங்குவதை விட்டுவிட்டோம். மகன் அழுதால் சீனி தூக்கலாகப் போட்ட பிளேன்டியைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பேன். அதைக் குடித்துவிட்டு, சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். வயிறு நிறைந்துவிட்டது என்று நானும் விட்டுவிடுவேன்.

மூன்றாம் மாதம் அவனை ஸ்வெட்டரோடு தராசில் ஏற்றினேன். சளி, கழற்றினால் இழுக்கும் என்றேன். மிஸ் நல்லவர், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். புள்ளி ஏறியது. அடுத்த மாதம் உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போட்டேன். அதற்கடுத்த மாதம் காலில் கனத்த சப்பாத்தும், வாசலில் வைத்தே குடிக்க வைத்த ஒரு போத்தல் பிளேன்டியும் சேர்ந்தன. கோடு பச்சைக்குள் நுழைந்தது. மிஸ் என்னை எழுப்பி நிறுத்தி மற்றத் தாய்மாருக்குக் காட்டினார். திரிபோஷா பட்டியலில் அவன் பெயரை வெட்டினார். நானோ பரீட்சை பாஸானவள் மாதிரி தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். என்ன கெட்டிக்காரி!

மாசிப் பனியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளாக விடவில்லை. தூக்கிக்கொண்டு மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உடுப்பு முழுவதையும் கழற்றச் சொன்னார். கழற்றக் கழற்றப் பிள்ளை சின்னதாகிக்கொண்டே போனான். தினமும் அவனைக் குளிப்பாட்டியவள் நான்தான். அந்த விலா எலும்பைப் பார்க்காமலா இருந்தேன்? பார்த்தேன். கோடுதான் ஏறுகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஊரை ஏமாற்றப் போட்ட பொய்யை நானே நம்பியிருந்தேன்.

டாக்டர் இளம் வயதுக்காரர். கோபப்படவில்லை. உயரத்தையும் அளந்தார். வயதுக்கு மிகவும் குறைவு, எடையைத் தேற்றிவிடலாம், விட்டுப்போன உயரத்தை முழுதாகப் பிடிப்பது கஷ்டம் என்றார். பிறகு புத்தகத்தைப் புரட்டி, ஏறியிருந்த கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்த மூணு மாசம் நல்லா ஏறியிருக்கே. அப்ப என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாங்கில் நாலைந்து தாய்மார் காத்திருந்தார்கள், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் என் மடியில் வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"முட்டை குடுத்தேங்க. கீரையும் குடுத்தேன்."

"அப்ப வீட்டில வசதி இருக்கு. அதையே திரும்பக் குடுங்க" என்று சொல்லி, புத்தகத்தில் அப்படியே எழுதிவிட்டு, அடுத்த தாயைக் கூப்பிட்டார்.