சில்வெஸ்டர் கேட்ட கேள்விகள்

மர்பி டவுனில் கம்ப்யூட்டர் வாத்தியார் என்றால் சில்வெஸ்டர்தான். பதினெட்டு வருடம் ஒரு சின்ன சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவர், இப்போது கம்பெனி கம்பெனியாகப் போய், ஏஐ சாட்பாட்டிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறார்.

"நீங்க யாரு, நிலைமை என்ன, எதுக்காகக் கேக்குறீங்க, பதில் எப்படி வேணும், எல்லாத்தையும் சொல்லிடுங்க. அரைகுறையா கேட்டா அரைகுறையாத்தான் வரும்" என்பார்.

அவர் மனைவி ஜோவிதா நர்சரி பள்ளி டீச்சர். ரைம்ஸ் பாடும்போது போன வருடம் நாக்கு குழறத் தொடங்கியது. பிப்ரவரியில் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

ஊருக்கெல்லாம் முழுசாகக் கேட்கச் சொன்னவர் வீட்டில் அரைகுறையாகவே கேட்டார். 'இந்த நோய் வந்து நல்லா இருக்கிறவங்க இருக்காங்களா?' என்று போனில் தட்டுவார். சிலர் இருபது வருடம்கூட வாழ்ந்திருக்கிறார்கள் என்று பதில் வரும். அதை ஜோவிதாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். அவள் ராகிக் கஞ்சியை விழுங்கப் போராடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவளே ஆரம்பித்தாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"ஏங்க, கிளாஸ்ல சொல்லிக்குடுக்கிற மாதிரி கேளுங்க. என் வயசு, மூச்சு ரிப்போர்ட்டு, எல்லாத்தையும் போட்டு."

"அது எதுக்கு ஜோவி? அது மெஷின். டாக்டரா என்ன?"

"டாக்டரு உங்களத்தான வெளிய கூப்பிட்டுப் பேசறாரு. என்கிட்ட யாரும் பேசறதில்ல."

உட்கார்ந்து தட்டினார். வயது நாற்பத்தொன்பது. நாக்கில் ஆரம்பித்தது. மூச்சின் அளவு மார்ச்சில் எழுபத்தெட்டு சதவீதம், இப்போது ஐம்பத்திரண்டு. எடை ஒன்பது கிலோ குறைவு. ஒன்றையும் விடவில்லை.

பதிலிலும் ஒன்றும் விடுபடவில்லை. ஒரு தனி மனிதருக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி வேகமாக இறங்கும்போது பெரும்பாலும் மாதக்கணக்குத்தான். மூச்சு மெஷின் வேண்டுமா என்பதை, அவரால் சொல்ல முடிகிறபோதே அவரிடம் கேட்டுவிடுங்கள், டாக்டரிடமும் பேசுங்கள் என்று இருந்தது. சில்வெஸ்டர் இரண்டு தடவை படித்தார்.

"சரியா ஒண்ணும் சொல்லல" என்றார்.

மறுநாளிலிருந்து கேள்வியை மாற்றினார். 'நம்பிக்கை தரும் டாக்டராக இருந்து பேசு. கெட்ட செய்தி எதுவும் எழுதாதே' என்று எழுதினார். வெளிநாட்டில் சோதனையில் இருக்கும் மருந்துகளைப் பற்றி அழகாக எழுதி வந்தது. போனை அவள் முன்னால் நீட்டினார்.

"பாரு ஜோவி, எவ்ளோ வந்துட்டு இருக்குது."

அவள் பொறுமையாகப் படித்து முடித்தாள். "கேள்வியக் காட்டுங்க."

"கேள்வில என்ன இருக்குது?"

அவளே விரலால் தள்ளி மேலே போனாள். அவர் எழுதியிருந்த இரண்டு வரியையும், அதற்கும் மேலே ஞாயிறன்று வந்திருந்த பதிலையும் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். கர்சீப்பால் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் புரியவில்லை. உடனே போனிலேயே ஒரு விரலால் எழுதத் தொடங்கினாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. 'எனக்கு மூச்சு மெஷின் வேண்டாம். டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.' அனுப்பாமல் அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சொன்னார். டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

டிசம்பருக்குள் அந்த விரலும் நின்றது. ஒரு தடவை கண் மூடினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. "தண்ணியா? திரும்பிப் படுக்கணுமா? ஃபேன் போடட்டா?" இவ்வளவுதான் கேட்க முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, பக்கத்து வீட்டு குளோரியா பண்டிகைக்குச் சுட்ட கல்கல் பலகாரம் கொடுத்துவிட்டுப் போன பிறகு, கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்.

"ஜோவி, என் மேல கோவமா?"

அவள் கண்ணை மூடினாள். திறக்கவே இல்லை. ஆமாம் என்றாளா, களைத்துத் தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை. தூங்குகிறவளின் மூச்சு போலத்தான் இருந்தது.

இன்னொரு தடவை கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஜனவரி இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் ஜோவிதா இறந்துபோனாள்.