உப்பு முதலில் வந்த சிப்ஸ்

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து விற்கிற ஆவுடைத்தாய் என் அப்பாவின் தங்கை. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், அடுப்போ சட்டியோ செல்போனோ, முன்னால் உப்பும் மஞ்சளும் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவாள். சாரல் மாதங்களில் அருவியில் குளித்து நடுங்கி வருகிறவர்கள் சூடாக எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். சீசன் முடிந்துவிட்டால் அத்தையின் பிழைப்பு, பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் சாயங்கால மணியை நம்பித்தான்.

மணி அடித்தும் கடை காத்தாடிய ஒரு நாளில் எனக்குப் போன் வந்தது.

“ஏ மருமவனே, ஒரு பிள்ளையும் இங்கன ஏறிட்டுப் பாக்க மாட்டேங்கு. லேபிள் இல்லாததைத் திங்கக்கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாவளாம். ஒண்ணு எழுதிக் குடுலே. இல்லேன்னா கடையை மூட வேண்டியதுதான்.”

எங்கள் சொந்தத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கரண்ட் பில்லோ கல்யாணப் பத்திரிகையோ, எழுத்து என்று இருந்தால் சுந்தரபாண்டியபுரத்தில் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். படித்தது வணிகவியல் என்றாலும் விதிமுறைகளைத் தேடி வாசித்தேன். சேர்த்த பொருட்களில் எது அதிகமோ அது லேபிளில் முதலில் வரவேண்டுமாம். அதன்படி வாழைக்காய், தேங்காய் எண்ணெய், உப்பு, மஞ்சள்தூள் என்று எழுதி, தென்காசியில் ரிஃபாத் அண்ணனின் அச்சகத்தில் கொடுத்துவிட்டு, ஒரு பட்டதாரிக்கு உரிய நிம்மதியுடன் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது, தோழிகளோடு வந்திருந்த பத்தாம் வகுப்பு நிவேதா பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி ஸ்ரீதேவி, இங்க பாரேன். முதல்ல உப்பு, அடுத்து மஞ்சள், மூணாவதுதான் வாழைக்காய். அக்கா, உப்பு மூட்டைக்குள்ள ரெண்டு வாழைக்காயைச் சீவிப் போட்டீங்களா?”

நான் பதறிப்போய் அத்தையைப் பார்த்தேன். “இதை யாரு மாத்துனது?”

“நான்தாம்லே. அச்சாபீசுக்கு நேர்ல போயி மாத்துனேன். பால் காய்ச்சப் போற வீட்டுக்குள்ள எதைலே முதல்ல கொண்டு போவோம்? உப்பும் மஞ்சளும்தானே? நீ எண்ணெய்யை ரெண்டாவது போட்டிருக்கே. எண்ணெய்ச் சட்டி எதிர வந்தா எவன்லே வெளிய கிளம்புவான்? அதான் கடைசிக்குத் தள்ளுனேன்.”

“அத்தை, இது வீடு இல்லை. பாக்கெட்.”

“பாக்கெட்டும் புதுசுதானே!”

நிவேதாவின் இன்னொரு கையில், வேறு கடையில் வாங்கிய பளபளப்பான பாக்கெட் ஒன்று இருந்தது. அத்தை விடவில்லை. “அதை வாசிட்டி பாப்போம்.”

“இதுல எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு அக்கா.”

அத்தை அதை வாங்கிக் கண்ணைச் சுருக்கினாள். “என்னட்டி, நம்பரு நம்பரா இருக்கு? இது தின்பண்டமா, செங்கோட்டை பஸ்ஸா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நிவேதாவுக்கு அந்தப் பொடி எழுத்து இப்போது நன்றாகத் தெரிந்தது. “இதுலகூட உப்பு அஞ்சாவதுதான் அக்கா.”

அத்தை தன் பாக்கெட் ஒன்றைப் படக்கென்று கிழித்து நீட்டினாள். “தின்னு பாத்துட்டுச் சொல்லு. கரிக்கா?”

நிவேதா மென்றாள். யோசித்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். “இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்.”

கேஸ் ஜெயித்தவள் மாதிரி அத்தை என்னைப் பார்த்தாள். பிள்ளைகளோ அந்தப் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, “லேபிளை மாத்துங்க அக்கா, வாங்குதோம்” என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வேறு வழியில்லாமல் அத்தை இறங்கி வந்தாள். புது லேபிளில் வாழைக்காயே முதலில் வந்தது. பதிலுக்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். எவ்வளவு வாதாடியும் அதை என்னால் அசைக்க முடியவில்லை.

புது லேபிள் ஒட்டிய அன்று சாயங்காலம் நிவேதா முழுவதையும் வாசித்துவிட்டு, திருப்தியாக இரண்டு பாக்கெட் எடுத்தாள். அவள் பின்னால் பாதி வகுப்பு நின்றது.

“எல்லாம் சரிதான் அக்கா. உச்சியில, கல்யாணப் பத்திரிகையில சாமி பேரு போடுத இடத்துல, ‘உப்பு மஞ்சள் துணை’ன்னு போட்டிருக்கீங்களே, அது எந்தக் கணக்குல வரும்?”

“அது துணைக்கு நிக்குதுட்டி. கணக்குல வராது. துட்டை எடு.”