தொடாத கை

பழவேற்காட்டில் எலிக்கு ஒரு டாக்டர் இருக்கிறார் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்து முடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்துல் ஹை கடைத்தெருவில் வலைநூலும் மிதவையும் விற்கிறவர். மகள் ஃபர்ஹத்துக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்தபோது, டாக்டருக்குப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எந்த டாக்டர் என்று கேட்டவர்களுக்கு மட்டும் மீதியைச் சொன்னார்.

படிக்கிற காலத்தில் அவளுக்குப் பெருமையாக இருந்தது அவளுடைய கைதான். வளையல் கடையில் அளவு கிடைக்காத அளவுக்குச் சிறிய கை. கல்லூரிப் பண்ணையில் ஆடு குட்டி போட முடியாமல் திணறினால், அந்தச் சின்னக் கையைக் கூப்பிடுங்கள் என்பார் பேராசிரியர். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடி, மடங்கிக் கிடக்கும் தலையை நேராக்கி, குட்டியை வெளியே கொண்டுவந்துவிடுவாள். நனைந்த குட்டி முதல் தும்மல் போடும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்கு ஈடே இல்லை என்று அம்மா ராபியாவிடம் சொல்லியிருக்கிறாள்.

சர்க்கார் வேலை வரவில்லை. ஒரு மருந்து சோதனைக்கூடத்தில் வேலை வந்தது. பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில், அப்புறம் கம்பெனி வேன். உள்ளே இரண்டாயிரம் வெள்ளெலிகள், நூற்றுச் சொச்சம் முயல்கள். தினமும் காலையில் கூண்டு கூண்டாகப் பார்த்து, எது தின்னவில்லை, எது மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். வலி அளவு மீறினால் சோதனையை நிறுத்தச் சொல்ல வேண்டும். சோதனை முடிந்தால் அவற்றை வலியில்லாமல் முடித்து வைப்பதும் அவள் பொறுப்புதான். உயிரை வெளியே எடுத்த கை உயிரை எடுக்கவும் பழகியது. எவன் கையிலோ துடிப்பதைவிட என் கையில் தூங்கட்டும் என்பாள். அது கருணைதான், இல்லையென்று சொல்லவில்லை. கூடவே கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் வெளியிலிருந்து ஒரு நோய் உள்ளே நுழைந்து, நானூறு எலிகளை ஒரே நாளில் முடிக்க வேண்டியதாயிற்று. நானூறையும் அவளே முடித்தாள். அதன் பிறகு அவளே ஒரு விதி எழுதி வாசலில் ஒட்டினாள்: வெளியே எந்த மிருகத்தைத் தொட்டாலும் மூன்று நாள் உள்ளே வரக்கூடாது. வாசலில் ஒரு நோட்டு வைத்து, தொட்டீர்களா என்ற கேள்விக்கு எல்லோரும் தினமும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். மாட்டில் பால் கறந்துவிட்டு வந்ததை மறைக்காமல் சொன்ன கூண்டு கழுவும் பெருமாளை அந்த வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். வீட்டில் ராபியா ஆசையாக வளர்த்த பூனையும் அடுத்த தெருவுக்குப் போயிற்று. ராபியா இன்றைக்கும் காய்கறிக்கு அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. பெண் பார்க்க வந்த ஒரு அம்மா என்ன வேலை என்று கேட்க, ஃபர்ஹத் வளர்ப்பதிலிருந்து முடிப்பது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். டீ குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. பாதியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்று ராபியா பல நாள் புலம்பினாள். ஃபர்ஹத்துக்கு மறைக்க வராது. இப்போது முப்பத்தெட்டு வயது. இத்தனை வயதில் அவள் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதை அவள் சொன்னது கோவிந்தம்மாவிடம்.

கோவிந்தம்மா ஏரிக்கரையில் தனியாக இருக்கிறவள், பொன்னேரிக்கு மீன் கொண்டுபோய் விற்பவள். ஃபர்ஹத் பிளஸ் டூ படிக்கப் போன காலத்திலிருந்து காலை பஸ்ஸில் முதலில் ஏறி, பக்கத்து இடத்தில் மீன் கூடையை வைத்து அவளுக்கு இடம் பிடித்துத் தருவாள். நாற்றம் என்று முகம் சுளிப்பவர்களிடம், டாக்டரம்மா வருது, போய் அங்க உக்காரு என்று விரட்டுவாள். கூடையை மடிக்கு மாற்றிக்கொண்டு பொன்னேரி வரை பேசிக்கொண்டே வருவாள். பேச்சில் பாதி அவளுடைய செவலை ஆட்டைப் பற்றித்தான் இருக்கும்.

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோவிந்தம்மா மூச்சிரைக்க வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா, செவலைக்குக் காலு ரெண்டும் வந்துக்கீது, தல வரல. காலைலேர்ந்து முக்குது. வந்து ஒரு கை பாரு."

ஃபர்ஹத் போனாள். வெந்நீர், சோப்பு, தேங்காய் எண்ணெய் எல்லாம் தயாராக இருந்தன. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குட்டியின் கழுத்து பின்னால் மடங்கியிருக்கிறது. அவள் கைக்குப் பத்து நிமிஷ வேலை. ஆனால் மறுநாள் திங்கட்கிழமை, ஆறு மாதச் சோதனை ஒன்று முடிகிற நாள். அறுபது எலிகளை முடிக்க வேண்டும். அதைச் செய்ய அங்கே கூட வேலை பார்க்கும் சுபாஷ் இருந்தான். நல்ல டாக்டர்தான். அவனிடம் விட அவளுக்கு மனம் வரவில்லை. கைகளைத் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டாள்.

"நான் தொட்டா என் வேலை போயிடும்க்கா" என்றாள்.

கோவிந்தம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். கெஞ்சவில்லை. தானே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். நாலடி தள்ளி நின்று ஃபர்ஹத் சொல்லச் சொல்ல, குட்டியை உள்ளே தள்ளப் பார்த்தாள், தலையைத் தேடினாள். நண்டும் இறாலும் பிரித்துக் காய்ப்புக் காய்த்த பெரிய கை அது, உள்ளே திரும்பவில்லை. ஆடு கத்திய கத்தலில் அவளே கையை எடுத்துவிட்டாள். ஃபர்ஹத் பொன்னேரியில் கிளினிக் வைத்திருக்கும் கூடப் படித்தவனுக்குப் போன் போட்டாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் ஆடு செத்துப்போயிற்று, குட்டியோடு.

மறுநாள் நோட்டில் தொட்டீர்களா என்ற கேள்விக்கு ஃபர்ஹத் இல்லை என்று எழுதினாள். அது உண்மை. அறுபதையும் முடித்தாள். ஒன்றுகூடத் துடிக்கவில்லை. கையுறையைக் கழற்றும்போதுதான் ஆட்டு விஷயத்தைச் சுபாஷிடம் சொன்னாள். அவன், "ஒரு போன் பண்ணியிருந்தா இந்த அறுபதையும் நான் பாத்திருப்பேனே மேடம். மூணு நாள் லீவுதானே" என்றான். அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தப் போனை அவளும் நினைத்தாள். நினைத்துத்தான் போடாமல் இருந்தாள்.

மூன்று நாள் கோவிந்தம்மா பஸ்ஸில் இல்லை. வியாழக்கிழமை இருந்தாள். பக்கத்து இடத்தில் கூடையும் இருந்தது. ஃபர்ஹத் உட்கார்ந்ததும் பின்னாலிருந்த இரண்டு பெண்கள், டாக்டராம், தொட்டுக்கூடப் பாக்கலியாம் என்று காதில் விழும்படியே பேசினார்கள். கோவிந்தம்மா திரும்பினாள்.

"அதுக்கு வேல போயிடும். ஒரு ஆட்டுக்கோசரம் ஒரு பொண்ணு வேலைய வுடணுமா? வாய மூடிக்கினு வாங்க."

வசவு வாங்கியிருந்தால்கூட ஃபர்ஹத் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை. இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் இன்னும் எத்தனை வருஷம் உட்கார்ந்து போவது? திருப்பாலைவனத்தில் பஸ் நின்றபோது சொல்லிவிட்டாள்.

"யக்கா, வேலை போயிருக்காது. மூணு நாள் உள்ள விடமாட்டாங்க. அவ்ளோதான்."

"மூணு நாளா?"

ஃபர்ஹத் தலையை ஆட்டினாள்.

"மூணு நாளுதானா பாப்பா?" என்று கோவிந்தம்மா மறுபடியும் கேட்டாள். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொன்னேரி வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் கோவிந்தம்மா அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடை அவள் காலடியில் இருந்தது. பக்கத்து இடம் சும்மா கிடந்தது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஃபர்ஹத் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பொன்னேரி வரை நின்றுகொண்டே போனாள்.