அக்காவின் கணினி மட்டும் பூட்டாது

இருக்கையை விட்டு எழுவதற்கு முன் அக்கா மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். கணினியைப் பூட்ட, வெளியேற, கடவுச்சொல்லை மாற்ற என்று அதில் சில பொத்தான்கள். பூட்டும் பொத்தானைத் தட்டி, திரை மூடிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் சாப்பாட்டுப் பையை எடுப்பார். கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்களைப் போல. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. நான் கல்லூரி முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். அவர் கணவரை இழந்து, பள்ளியில் படிக்கும் மகளோடு வேலூர் சத்துவாச்சாரியில் மாமியார் வீட்டில் இருந்தார்.

எங்கள் மேனேஜர் அவருடைய கணவரின் அண்ணன்; அதே வீட்டில் இருப்பவர். வேலை வாங்கித் தந்தவரும் அவரே. காலையில் அவர் காரில்தான் அக்கா வருவார். மாலையில் அதே காரில்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அதே கார்தான். வீட்டில் தொலைபேசி அடித்தால் முதலில் எடுப்பவரும் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தம்பி குடும்பத்தைக் கைவிடாத மனிதர் என்றே பேர். அந்த நல்ல பேருக்குள் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்ந்தார். "கார் கண்ணாடிய எறக்கணும்னாகூட கேட்டுட்டுத்தான்டி எறக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒருநாள் நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, பூட்டிய திரைக்கு முன்னால் மேனேஜர் நின்றிருந்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா பூட்டு? நான் பாக்கக்கூடாதது இன்னா வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"ஒண்ணும் இல்லன்னா பூட்டாத."

அந்த வாரமே வேலூரிலிருந்து சிஸ்டம்காரர் வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெட்டியில் எந்தப் பொத்தான் வேலை செய்ய வேண்டும், எது கூடாது என்று தீர்மானிக்கிற பக்கம் ஒன்று கணினிக்குள் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "சார் சொல்லிட்டாரு மேடம். உங்க மெஷின் மட்டும்தான்" என்று அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மூன்று விசைகளை அழுத்தினால் பெட்டி வரும். பூட்டும் பொத்தானும் வெளியேறும் பொத்தானும் கடவுச்சொல் மாற்றும் பொத்தானும் சாம்பல் நிறத்தில் வெறுமனே இருக்கும். அக்கா சாப்பாட்டு நேரத்தில் மெஷினையே அணைத்துப் பார்த்தார். பிரிண்டர் அந்த மெஷினோடு இணைந்திருந்ததால், எல்லாருக்கும் வேலை நிற்கிறது என்று சொல்லி மேனேஜர் அதற்கும் தடை போட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் எங்கள் அறையின் கண்ணாடிக் கதவு தெரியும். நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மேனேஜர் போய் அக்காவின் நாற்காலியில் உட்காருவார். அக்கா அந்தப் பக்கமே பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். பாதிக்கு மேல் அப்படியே மூடிவிடுவார். தோல் பதனிடும் வாடை உள்ளே வராதபடி எல்லா ஜன்னலையும் எப்போதும் அடைத்தே வைத்திருந்த கட்டடம் அது. எனக்கே சில நாள் மூச்சு முட்டியது.

"அப்படி இன்னாக்கா இருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"எல்லாம் கம்பெனி பேப்பர்தான்டி. நான் மூடினா மூடிக்கிற மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதான். உள்ள ஒண்ணும் இல்லன்னாகூட பரவால்ல."

பிறகு அந்தத் தவறு நடந்தது. அக்கா தயாரித்து வைத்திருந்த பேக்கிங் லிஸ்ட்டின் மேல், வேறொரு ஆர்டரின் ஷூ அளவுகளை யாரோ சேமித்துவிட்டார்கள். பெட்டிகளில் ஒரு அளவு, காகிதத்தில் வேறு அளவு. சரக்கு சென்னைத் துறைமுகத்தில் நின்றுபோனது. முதலாளியே எங்கள் அறைக்கு வந்தார். மேனேஜர் முந்திக்கொண்டு, "வீட்ல கொஞ்சம் மனக்கஷ்டம் சார், அதான் கவனம் கம்மி. நான் பாத்துக்கறேன்" என்றார். அக்காவைக் காப்பாற்றுகிறவரின் குரல் அது.

அக்கா எழுந்து நின்றார்.

"நான் பண்ணல சார். இங்க எல்லார் மெஷினும் பூட்டும். என்னுது பூட்டாது. பாருங்க."

மூன்று விசைகளை அழுத்தினார். முதலாளி குனிந்து அந்தச் சாம்பல் பொத்தான்களைப் பார்த்தார்.

"இன்னா பேஜார் இது? யாரு பண்ணச் சொன்னது?"

நானும் மற்றவர்களும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மேனேஜரே, "ஒரு சேஃப்டிக்குத்தான் சார்" என்றார். லிஸ்ட்டைக் கெடுத்தது யார் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். முதலாளி, "நாளைக்கே சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பொத்தான்கள் உயிர்பெற்றன. மற்றது எதுவும் மாறவில்லை. அன்று மாலையும் அக்கா அதே காரில்தான் ஏறினார். வேலூர் வரை மேனேஜர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதன் பிறகு வந்த எத்தனையோ மாலைகளிலும் அப்படித்தான். மாமியாருக்குக் கோபம், மகளுக்குப் பள்ளி. தனியாக வீடு எடுக்கலாமே என்று நான் சொன்னபோது, "எங்கடி போறது? அவ படிச்சு முடிக்கட்டும்" என்றார். வருடங்கள் போயின. பேச்சில்லாத அந்தக் காரில் அவர் போய்வந்துகொண்டே இருந்தார்.

மகள் நர்ஸ் படிப்பை முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அக்கா ராஜினாமா செய்தார். கடைசி நாள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார்.

"பாஸ்வேர்டு சொல்லிட்டுப் போம்மா."

அக்கா என்னைக் காட்டினார். "ஃபைல் எல்லாம் இவகிட்ட குடுத்துட்டேன். சிஸ்டம்காரர் புதுசு போட்டுக்குவாரு."

"அப்படி இன்னா ரகசியம்?"

"ரகசியம்லாம் இல்ல மாமா. அது என்னுது. அவ்ளோதான்."

அவர் தம் அறைக்குத் திரும்பிப் போனார். அன்று மாலை அக்காவை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய்விட்டது நான்தான்.

இப்போது எப்போதாவது போனில் பேசிக்கொள்கிறோம். மகள் நைட் டூட்டிக்குப் போய்விட்டால் பெங்களூர் வீட்டில் அக்கா தனியாகத்தான் இருப்பார். பயமாக இல்லையா என்று போன வாரம் கேட்டேன்.

"இல்லடி. கதவ நானே சாத்திக்கறேன், நானே தெறக்கறேன்" என்றார்.