பவித்ரா ஏன் ஆன்லைன் கேட்டாள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூலாயில் எங்கள் வீட்டில் காலைப் பசியாறும் நேரம். என் மகள் பவித்ரா தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

“அப்பா, அடுத்த செமஸ்டர் முழுக்க நான் ஆன்லைன்ல எடுத்துக்கறேன்.”

கவனியுங்கள்... இது கேள்வி இல்லை. தகவல்.

பவித்ரா ஜோகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் லாஜிஸ்டிக்ஸ் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. அங்கே இப்போது ஒரு புது ஏற்பாடு. பெரும்பாலான பாடங்களை வகுப்புக்குப் போயும் படிக்கலாம், வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகவும் படிக்கலாம். எது வேண்டும் என்பதை மாதக் கடைசிக்குள் மாணவர்களே சொல்லிவிட வேண்டும்.

“ஏன்மா திடீர்னு?”

“சும்மாதான். போக வர டைம் மிச்சம்.”

என் மனைவி மாலதிக்கு ஏக சந்தோஷம். “நல்லதுதானேங்க. அந்த ஹைவேல லாரிங்க போற போக்குக்கு, புள்ள வீட்லயே இருந்தா எனக்கும் நிம்மதி லா.”

அவளுக்கு வந்த நிம்மதி என்னிடமிருந்து போனதுதான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்த ஆன்லைன் படிப்பை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பவித்ரா இடைநிலைப்பள்ளியில் இருந்தாள். மேலே பள்ளிச் சட்டை, கீழே பைஜாமா, கட்டிலே மேசை. முதலில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக அவள் சாப்பிடவும் அறையை விட்டு வெளியே வருவது குறைந்தது. தோழிகளின் பெயர்கள் அவள் பேச்சிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பள்ளி திறந்த பிறகு பழைய பவித்ரா திரும்பி வருவதற்கு எவ்வளவோ காலம் ஆனது. மறுபடியும் அந்த அறைக்கதவா?

இன்னொன்றும் இருந்தது. அதை நான் மாலதியிடம்கூடச் சொல்லவில்லை.

என் வேலையும் ஜோகூர் பாருவில்தான். காலையில் நானும் மகளும் ஒரே காரில் போவோம். முன்பெல்லாம் செனாய் தாண்டுவதற்குள் அவள் கல்லூரிக் கதை பாதி முடிந்திருக்கும். சில மாதங்களாக அது நின்றுபோயிருந்தது. நான் எதைக் கேட்டாலும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள். ஒன்று, “ஆங்?” என்பாள். இல்லையென்றால் பதிலே இருக்காது. வீட்டுக்கு வந்தால் ஓரளவு பேசுவாள். காரில் ஏறினால் ஊமை.

ஒரு தகப்பன் இதை எப்படி எடுத்துக்கொள்வான்? காதலா? பரீட்சையில் பெயிலா? கல்லூரியில் யாராவது தொல்லை கொடுக்கிறார்களா? டோல் சாவடிக்கு முன்னால் நிற்கும் கார்களைப்போல என் சந்தேகங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. எதுவும் நகரவில்லை.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை ஜமால் பாயிடம் புலம்பினேன்.

“ஆன்லைனா? விட்றாதீங்க” என்றார். “என் தங்கச்சி மகன் அப்படித்தான் படிச்சான். கேமராவை மூடிட்டு நல்லாத் தூங்குவான். லெக்சரர் பேரு கேட்டா அவனுக்குத் தெரியாது.”

அன்று மாலை மகளிடம் கொஞ்சம் கறாராகவே பேசினேன். “படிப்புன்னா பாடம் மட்டும் இல்லம்மா. வகுப்புல நாலு பேரோட பழகணும். நாளைக்கு வேலைக்குப் போறப்ப அதுதான் உதவும்.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “எனக்கு நாலு பேரும் வேணாம்பா” என்றாள். எழுந்து போய்விட்டாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். களைத்துப்போனவள்போலச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் பேட்மிண்டன் ஆடப்போய் வலது காலைச் சுளுக்கிக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய மனிதன் குதித்து ஸ்மாஷ் அடிக்கலாமா என்று மாலதி கேட்டதை இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை. திங்கட்கிழமை கால் வீங்கியிருந்தது. பிரேக்கை மிதிக்க முடியாது. பவித்ரா லைசென்ஸ் எடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்ததால் அவளே ஓட்டினாள். நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

என்ன ஆச்சரியம்... பேசினாள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. கேண்டீனில் விலை ஏறியதைச் சொன்னாள். லெக்சரர் ஒருவர் எல்லா வாக்கியத்தையும் “ஓகே கிளாஸ்” என்று தொடங்குவதை நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். கார் சாவி கைக்கு வந்ததும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டது, இவ்வளவுதானா விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கூடாய் நெருங்கும்போது அது நடந்தது.

வலப்பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் எங்களை ஒட்டி முந்த வந்தது. ஓட்டியவர் நீளமாக ஹார்ன் அடித்தார். பவித்ரா சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இடப்பக்கம் எதுவும் இல்லை. ஆனால் அங்கேதான் ஏதோ வருகிறது என்று நினைத்து, அதற்கு வழிவிட ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். அந்த மனிதர் மீதே.

“பவி” என்று கத்திக்கொண்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். கார் ஒரு ஆட்டம் ஆடி நேரானது. மோட்டார்க்காரர் எப்படித் தப்பினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டினார். திட்டும் அளவுக்கு உயிரோடு இருந்தாரே என்று அவருக்குக் கும்பிடு போட்டேன்.

அடுத்து வந்த எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்தச் சொன்னேன்.

“ஹார்ன் வலது பக்கம்தானே அடிச்சான்? நீ ஏன் இடது பக்கம் பார்த்த?”

அவள் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தாள்.

“பவி, உன்னத்தான் கேக்கறேன்.”

“எந்தப் பக்கம்னு தெரியலப்பா.”

“தெரியலன்னா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “வலது காது கேக்கலப்பா. போன செமஸ்டர்லேர்ந்து. ஒரு நாள் காலையில எழுந்தேன்... உள்ள குக்கர் விசில் மாதிரி ஒரே சத்தம். தண்ணி பூந்துருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சத்தம் கொறைஞ்சுச்சு. காது மட்டும் வரவே இல்ல.”

நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை இடப்பக்கம். இத்தனை மாதம் நான் காரில் பேசியதெல்லாம் அவளுடைய கேட்காத காதில்தான் விழுந்திருக்கிறது.

“ஏம்மா சொல்லல?”

“அம்மா பயப்படுவாங்க. நீங்க காலேஜை நிறுத்திருவீங்கன்னு நெனச்சேன். நெட்ல தேடினா என்னென்னமோ போட்டிருந்தான். அதுக்கப்புறம் தேடவே பயமா இருந்துச்சு.”

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பெரிய ஹாலில் பின்னால் உட்கார்ந்தால் லெக்சரர் பேசுவது இரைச்சலாக மட்டும் கேட்கும். குரூப் வேலையில் வலப்பக்கம் இருப்பவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் தலையாட்டிவிடுவாள். நெருங்கிய தோழி மலர்விழி இரண்டு மூன்று முறை பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். இவள் திரும்பவில்லை. “கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கற, ரொம்ப சொம்போங் ஆயிட்ட” என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். சொம்போங் — தலைக்கனம். உண்மையைச் சொன்னால், நானும் மனசுக்குள் அந்த வார்த்தையைத்தான் வைத்திருந்தேன்.

“ஆன்லைன்னா ஹெட்போன் போட்டுக்கலாம்பா. பேசறது கீழ எழுத்தா வரும். யாருகிட்டயும் ‘என்னா சொன்னீங்க, என்னா சொன்னீங்க’ன்னு கேட்டுக்கிட்டே இருக்க வேணாம்.”

அன்று நான் வேலைக்குப் போகவில்லை, அவள் வகுப்புக்குப் போகவில்லை. மாலதி டாக்சியில் வந்து சேர்ந்தாள். கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனோம்.

காதுப் பரிசோதனை ஒரு கண்ணாடி அறைக்குள் நடந்தது. பவித்ரா ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனோடு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இடது காதுக்கு அவள் விரல் சுறுசுறுப்பாக வேலை செய்தது. பிறகு வலது காது. வெளியே மெஷினில் பரிசோதனை செய்த பெண் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார். திருகத் திருக உள்ளே விரல் அசையவில்லை. பவித்ரா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போலக் காத்திருந்தாள். மாலதி என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்துவிட்டது.

நிபுணர் ஒரு மலாய்க்கார அம்மையார். பொறுமையாக விளக்கினார். காது இப்படித் திடீரென்று அடைத்தால் உடனே வரவேண்டும், முதல் சில நாட்களில் மருந்து கொடுத்தால் பலருக்குக் கேட்கும் சக்தி திரும்பும் வாய்ப்பு உண்டு, இப்போது தாமதமாகிவிட்டது, முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும் வரையிலான நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? மாலதி லாயாங் லாயாங்கில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லாமலே மழை பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். நான் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு பவித்ராதான் டிவி போட்டுவிடுவாள்.

கட்டி இல்லை. இடது காது நன்றாக இருக்கிறது. வலப்பக்கச் சத்தத்தை இடது காதுக்குக் கடத்தும் ஒரு கருவியை மாட்டிப் பழகச் சொன்னார்கள்.

இதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டது. கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது நானே முந்திக்கொண்டேன். “ஆன்லைனே எடுத்துக்கம்மா. நீ கேட்டதுதான் சரி. எழுத்து வருது, வசதி.” மாலதியும் ஒத்து ஊதினாள். ஜமால் பாயின் மருமகன் தூங்கிய கதையெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது.

பவித்ரா எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் எதுக்கு ஆன்லைன் கேட்டேன்? யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. இப்பதான் உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே.”

“அதுக்கு?”

“மத்தவங்களுக்கும் தெரியட்டும். நான் கிளாஸுக்குப் போறேன்.”

“ஹால்ல கேக்கலன்னா?”

“கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றேன். முன்னாடி உக்காந்துக்கறேன். பெரிய ஹால்ல நடக்கற அந்த ஒரு பாடம் மட்டும் ஆன்லைன்ல எடுக்கறேன், அந்த ஹால்ல மைக் எதிரொலிக்கும். மத்தது போறேன்பா.”

என் எதிரிலேயே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைத் தட்டிப்போட்டாள். அனுப்புவதற்கு முன் கட்டைவிரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. சில நிமிடங்களில் மலர்விழியிடமிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டாள். “அலமாக்... சொல்லக்கூடாதா டி? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மாலதி என் சட்டையைப் பிடித்து சமையலறைக்கு இழுத்துப் போய்விட்டாள்.

புது செமஸ்டர் தொடங்கிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கருவி கடைத்தெரு இரைச்சலில் தலைவலி கொடுக்கிறது என்கிறாள். ஒரு நாள் வகுப்பில் ஒன்றும் புரியவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். அவள் சாலையைக் கடக்கும் நேரத்தில் எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடாது. கடந்திருப்பாள் என்று தோன்றியதும் போன் போட்டு உறுதிசெய்துகொள்வேன்.

ஆன்லைன் நல்லதா, வகுப்பு நல்லதா? எனக்கு இன்னும் தெரியாது. சில பிள்ளைகளுக்கு அது கதவு, சில பிள்ளைகளுக்கு அது தாழ்ப்பாள். ஒரே பிள்ளைக்கே இரண்டுமாக இருக்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் ஒரு முடிவைச் சொன்னால் நாம் உடனே அந்த முடிவோடு சண்டைக்குப் போகிறோம். அதன் பின்னால் ஒளிந்திருக்கும் காரணம், நம் சத்தத்துக்குப் பயந்து இன்னும் உள்ளே போய்விடுகிறது. அப்புறம், யாருக்காவது காது திடீரென்று அடைத்தால் தயவுசெய்து அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தண்ணீர்தான் என்று இருந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று பவித்ராவிடம் கேட்டேன். “எழுதுங்க. ஆனா நான் அழுதேன்னு மட்டும் போட்றாதீங்க” என்றாள்.

போடவில்லை... அவள் எங்கே அழுதாள், அழுததெல்லாம் நான்தான்.