சாமித்தட்டில் ஒரு மல்யுத்த பெல்ட்

மெத்ரோ எங்கள் ஜன்னலைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஹோல் சுவரில் ஒரு பித்தளைத் தகடு கிணுகிணுக்கும். பாரிஸில் லா சப்பலுக்கும் ஸ்டாலின்கிராட்டுக்கும் நடுவில் ரயில் நிலத்துக்கு மேலே, இரும்புத் தூண்களின் தலையில் ஓடுவதால், அதன் வெளிச்சத்தோடு அதன் நடுக்கமும் வீட்டுக்குள் வந்து போகும். தேநீர்க் கோப்பைகள் நடுங்கும், சாமிப் படங்கள் நடுங்கும், ஆனால் ஒரு கோடையில் தொடங்கி இலையுதிர்காலம் முடியும்வரை, அரைத்தூக்கத்தில் என் காதில் விழுந்ததெல்லாம் அந்தப் பித்தளையின் சத்தம்தான். பழைய தோலின் மணமும் பக்கத்துச் சாமித்தட்டின் கற்பூர மணமும் கலந்து அதோடு வரும். இன்றைக்கும் ஏதாவது சப்பாத்துக் கடைக்குள் நுழைந்தால் எனக்குச் சாமி கும்பிட வேண்டும் போலிருக்கிறது. என்ன செய்வது, மூக்கு எதையும் மறப்பதில்லை.

அது ஒரு மல்யுத்தச் சாம்பியனின் பெல்ட். அதை வைத்திருந்தவர் எங்கள் சோபாவில் படுத்துறங்கிய சின்னமாமா, அம்மாவின் ஒரே தம்பி. கிழமை நாட்களில் அவருக்கு ஓர் உணவகத்தில் "புளோஞ்", அதாவது கோப்பை கழுவும் வேலை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பொபினியில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் மல்யுத்தம். ஜில்பேர் என்ற வயதான முன்னாள் மல்லர் நடத்திய சின்னஞ்சிறு சங்கம் அது. தொலைக்காட்சி வராது, பெரிய விளம்பரம் கிடையாது. மடக்குக் கதிரைகள், பொரித்த உருளைக்கிழங்கின் மணம், தொண்டை கிழியக் கத்தும் சனம், அவ்வளவுதான். ஜில்பேர் முதலில் மாமாவுக்குச் "சிலோன் புலி" என்று பெயர் வைக்கப் பார்த்தாராம். "மிஸியே, வேற என்ன மிருகமெண்டாலும் வையுங்கோ, உது மட்டும் வேண்டாம், பிரெபெக்தூர் கந்தோரிலை என்ர அகதிப் பேப்பர் கிடக்குது" என்று மாமா கையெடுத்துக் கும்பிட, கடைசியில் "மகாராஜா" ஆனார். அம்மாவின் அலுமாரியிலிருந்து சொல்லாமல் எடுத்த ஒரு சேலைதான் மகாராஜாவின் தலைப்பாகை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, அதுவரை தலைப்பாகையே கட்டியறியாத மகாராஜா!

அந்தப் பட்டத்துக்கு ஒரு சரித்திரம் இருந்தது. அது பெல்ட்டின் தோலில் துளைகளாகக் கிடந்தது. பெல்ட்டைச் செய்தவர் ஜில்பேர், முதல் சாம்பியனும் அவரேதான், பின்னே வேறு யார்! பழைய குதிரைச் சேணத்தின் தோலை எடுத்து, அதில் பித்தளைத் தகட்டைத் தன் கையாலேயே ஆணி அடித்துப் பொருத்தினாராம். அதன்பிறகு வந்த ஒவ்வொரு சாம்பியனும் தன் இடுப்புக்கு ஏற்றபடி ஒரு துளை போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. பூட்டுக்கு வெகு கிட்ட இருந்தது ஒல்லியாக இருந்த காலத்து ஜில்பேரின் துளை. தோல் முடிந்துபோகிற நுனியில் இருந்தது திரான்சியில் பாண் சுட்ட ஒருவருடையது. நடுவில் இழுபட்டு அகன்றுபோயிருந்தது "கிரானித்" என்பவருடையது. கிரானித் என்றால் கருங்கல். சிவந்த தாடியும் கதவகல முதுகும் கொண்ட அந்தக் குழாய் திருத்துபவரை நாங்கள் "கருங்கல் அண்ணை" என்றே வீட்டில் சொன்னோம். பட்டத்துக்கு ஜில்பேர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: பெல்ட் அந்த இடத்தில் இருக்க வேண்டும், தோற்பவரின் தோள் தரையில் பட வேண்டும், மூன்று எண்ண வேண்டும். இதில் எது குறைந்தாலும் பட்டம் கைமாறாது.

யார் வெல்வது என்பதை மட்டும் ஜில்பேர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார். மாமா இதை மெத்ரோவில் என் காதுக்குள் சொன்னபோது எனக்குக் கவலை வரவில்லை. பெரியவர்களின் கனவு ஒன்றுக்குள் என்னையும் ஏற்றிக்கொண்டது போலத்தான் இருந்தது. வருடக்கணக்காகத் தோற்றுத் தோற்றே மாமா சனத்தின் மனதில் இடம் பிடித்திருந்தார். கோடைக்கு மட்டும் மகாராஜா சாம்பியனாக இருக்கட்டும், இலையுதிர்காலத்தில் கருங்கல்லிடம் தோற்றுத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று ஜில்பேர் சொல்லிவிட்டார். அப்படித்தான் பெல்ட் எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்தது. மாமாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அது கையை விட்டுப் போவதற்குள், அக்கா ஒருதடவையாவது மண்டபத்துக்கு வந்து, அதைக் கட்டிக்கொண்டு நிற்கிற தன்னைப் பார்க்க வேண்டும்.

அம்மா அசையவில்லை. "கண்டறியாத வேலை! உது ஒரு வேலையே? ஞாயிற்றுக்கிழமையும் போய் அடி வாங்கிக்கொண்டு வாறது!" அது நடிப்பு என்று மாமா சத்தியம் பண்ணினார். "நடிப்பெண்டால் முதுகிலை உந்தக் கண்டல் என்ன, மையே?" என்று கேட்டபடி அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவிவிடுவார். ஆனால் அவர் வராததற்குக் காரணம் கோபமல்ல. ஊரில் ஒரு காலை, சோதனைச் சாவடியில் மாமாவை பஸ்ஸிலிருந்து இறக்கி அடித்ததை அம்மா ஜன்னலோரத்தில் இருந்து பார்த்திருக்கிறார். இறங்கவும் விடவில்லை, கத்தவும் வாய் வரவில்லை. "ஒருக்காப் பாத்தது காணும்" என்பார். அப்படிச் சொன்ன ஒருநாள் மாமா மெல்லச் சொன்னார்: "அக்கா, இஞ்சை அடிக்கிறவன் என்னட்டைக் கேட்டுப்போட்டுத்தான் அடிக்கிறான். அடிச்சு முடிய, கை தந்து எழுப்பியும் விடுறான்." அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஞாயிறு சரஸ்வதி பூசையன்று வந்து விழுந்தது. சாமித்தட்டில் வெள்ளைத் துணி விரித்து என் பள்ளிக்கூடக் கொப்பிகளையும், சமையற்காரரான அப்பாவின் கத்திகளையும், அம்மாவின் தையல் கத்தரிக்கோலையும் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி விடியும்வரை எவரும் தொடக்கூடாது. "படி" என்று என்னை ஒருவராலும் சொல்ல முடியாத நாள் என்பதால் வருடத்தில் எனக்குப் பிடித்த நாளும் அதுதான். அன்று காலை தலை துவட்டியபடி வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். கொப்பிகளுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் பெல்ட் இருந்தது. பித்தளையில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. ஈரக் குங்குமம் வழிந்து தோலிலும் ஊறியிருந்தது.

"என்னக்கா இது?"

"உன்ர வேலைச் சாமான் இதுதானே. எல்லாற்றையும் வைச்சுப்போட்டு உன்ரையை மட்டும் விடேலுமே?"

பின்னேரம் போட்டி இருக்கிறது, பெல்ட் வேண்டும் என்று மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு படி இறங்கினார். பாதிப் படியில் நின்று, "கேட்டனியே பிள்ளை? அக்கா வேலை எண்டு சொல்லிப்போட்டா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மண்டபத்தில் ஜில்பேர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெல்ட் எங்கே என்று கேட்டதற்கு, சாமியிடம் இருக்கிறது, நாளைக்குத்தான் வரும் என்றால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்? சனம் வர இன்னும் நேரம் இருந்ததால் எங்கள் இருவரையும் தன் பழைய வான் வண்டியில் ஏற்றி லா சப்பலுக்கு விட்டார். வழிநெடுக அவர் திட்டிக்கொண்டு வந்தார், மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், நடுவில் நான் இருந்தேன். எங்கள் வாசலில் சப்பாத்துகள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டதும் பேச்சை நிறுத்தித் தானும் கழற்றினார். ஒரு காலுறையின் ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அம்மா மறித்து நிற்கவில்லை. தட்டைக் காட்டி, "விடியத்தான் எடுக்கலாம் எண்டு சொல்லு தம்பி" என்றார்.

மாமா அதைப் பிரெஞ்சில் சொல்வதற்கு முன்பே ஜில்பேர் தட்டின் முன்னால் போய் நின்றுவிட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மெத்ரோ கடந்தது. விளக்கின் சுடரும், செவ்வந்திப் பூக்களும், அவர் கையால் ஆணி அடித்த தகடும் ஒன்றாக நடுங்கின. சாம்பியன்கள் அதைக் கார் டிக்கியில் எறிந்திருக்கிறார்கள், பாண்காரர் மா மூட்டைகளுக்குள் தொலைத்தும் இருக்கிறார், பூச்சூட்டி வைத்தவர்கள் யாருமில்லை என்று தனக்குத்தானே சொன்னார். அம்மா அவலும் கடலையும் ஒரு தட்டில் கொடுத்தார். கதிரை நுனியில் இருந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, "மெர்சி, மதாம்" என்று சொல்லிச் சப்பாத்தை மாட்டினார். பெல்ட்டை அவர் கேட்கவேயில்லை.

அன்று மேடையேறி ஜில்பேர் அறிவித்தார்: பெல்ட் இப்போது ஒரு தெய்வத்தின் காவலில் இருக்கிறது, நாளை விடியும்வரை எந்த மனிதனும் அதை வெல்ல முடியாது. சனம் முதலில் சிரித்தது, பிறகு எழுந்து நின்று கை தட்டியது. மாமா பேசி வைத்தபடியே கருங்கல்லிடம் தோற்றார். ஆனாலும் சாம்பியனாகவே வீடு வந்தார்.

அடுத்த போட்டிக்கு அம்மா தானாகவே வெளிக்கிட்டார். "பெல்ட்டை நான் கொண்டு வாறன். உவன் விசரன், அவசரத்திலை எங்கையாவது விட்டிட்டு வந்திடுவான்" என்பது அவர் சொன்ன சாட்டு. ஸ்டாலின்கிராட்டில் மெத்ரோ மாறி பொபினிவரை, துணியில் சுற்றிய பெல்ட்டைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். விளக்குகள் அணைந்து, ஒற்றை வெளிச்சத்தில் மாமா பெல்ட்டும் தலைப்பாகையுமாக வந்து நின்றபோது, இத்தனை நாள் இதற்காகவே தவம் கிடந்த தம்பியைப் பார்த்து அம்மா சொன்ன முதல் வார்த்தை: "அடப்பாவி, என்ர பச்சைச் சேலை!"

சிரிப்பு அதோடு நின்றது. அடி விழத் தொடங்கியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்தார். கருங்கல் அண்ணை மாமாவைத் தலைக்கு மேலே தூக்கினார். சனம் மூச்சை அடக்கியது. அந்த அமைதியில்தான் அம்மா கண்ணைத் திறந்திருக்க வேண்டும். மாமா விழுந்த சத்தம் மண்டபத்தை உலுக்கியது; ஆனால் நாங்கள் முன்வரிசையில் இருந்ததால், விழுகிற தலைக்கும் பலகைக்கும் நடுவில் அந்தப் பெரிய கை முதலே போய்க் கிடந்ததைக் கண்டோம். "தலையைத் தாங்கி வைக்கிறான்" என்றார் அம்மா. "பார் பிள்ளை, தலையைத் தாங்கி வைக்கிறான்." என் மணிக்கட்டை விட்டுவிட்டார். மிச்சத்தையெல்லாம் கண்ணை இமைக்காமல் பார்த்தார், கண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிய, மேடையோர மேசையில் வைத்திருந்த பெல்ட்டை நடுவர் வந்து எடுப்பதற்குள் அம்மா எடுத்துப் போய்க் கயிறுகளுக்கு ஊடாக இரண்டு கையாலும் கருங்கல் அண்ணையிடம் நீட்டினார். "கவனமா வைச்சிரு, தம்பி." ஒரு சொல்லும் விளங்காத அந்த மனிதர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகும் பெல்ட் சில இடுப்புகளைச் சுற்றிவிட்டுக் கடைசியில் கருங்கல் அண்ணையிடமே வந்தது. யார் துடைத்தும் குங்குமக் கறை போகவில்லை. ஜில்பேருக்கு நடக்க முடியாமல் போய், மண்டபமும் கைவிட்டுப் போய், சங்கம் மூடப்பட்ட மாரிகாலத்தில், கருங்கல் அண்ணை பெல்ட்டோடு எங்கள் படியேறி வந்தார். இனி இது மதாமிடம் இருக்கட்டும் என்றார். அம்மா மறுத்தார். "அதெப்பிடி? வெண்டவனிட்டைத்தான் இருக்கோணும்." மாமா அதை மொழிபெயர்த்ததும் கருங்கல் அண்ணை கொஞ்சம் யோசித்தார். பிறகு தேநீர் மேசையைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் ஹோலின் கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து மல்லாந்து படுத்துவிட்டார். "ஐயோ, எழும்பு தம்பி, ஆரும் பாத்தால் சிரிப்பினம்!" என்று சொல்லிச் சொல்லி அம்மாவே சிரித்து, சிரிப்புத் தாளாமல் முழங்காலிட்டு, அவர் தோளில் ஒரு கையை வைத்தார். மாமா பாய்ந்து வந்து தரையில் அறைந்து எண்ணினார். மூன்றாவது அறைக்குக் கீழ்வீட்டுக்காரர் வீடு கூட்டும் தும்புத்தடியால் கீழிருந்து பதில் இடித்தார்.

இப்போது அந்த மண்டபம் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஜில்பேர் போய்விட்டார். லா சப்பலில் எங்கள் ஜன்னலுக்குள் வேறு யாரோ ஒருவரின் விளக்கு எரிகிறது. நான் வசிக்கும் பொபினி வீட்டை எந்த ரயிலும் நடுங்க வைப்பதில்லை, பித்தளையும் பேசாமல் கிடக்கிறது. அம்மா இல்லாமல் வந்த முதல் சரஸ்வதி பூசைக்குத் திரான்சியிலிருந்து மாமா முழங்கால் வலியோடு வந்தார். என் மகள் தன் கணினியை வைத்தாள், மாமா பெல்ட்டை வைத்தார், அம்மாவின் பழைய கறைக்கு மேலேயே நான் குங்குமம் வைத்தேன். துளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த மகள், சங்கமும் இல்லை, அம்மம்மாவும் இல்லை, அப்படியென்றால் பட்டம் இப்போது ஒருவருக்கும் இல்லைத்தானே என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மாமா தமிழில் சொன்னார்: "ஏன் இல்லை? பட்டம் அக்காவின்ரைதான். அவாவை இண்டுவரைக்கும் ஒருத்தரும் விழுத்தேல்லையே."